மச்சான் கொடுத்த மடக்குக்கத்தி

அந்தக் கத்தியைக் கண்டாலே அக்கம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததும் விடியாததுமாக வாசலில் சாணி தெளித்துவிட்டு நிமிர்ந்தால், மாட்டுக்கொட்டில் ஓரத்தில் குத்தவைத்துக்கொண்டு புருசன் பெத்தன் அதைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். திறந்தான்; அலகைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான்; "ஆடுது" என்றான்; மூடினான். மறுபடி திறந்தான். மறுபடியும் ஆடியது. திறந்து மூடினால் ஆட்டம் நின்றுவிடும் என்று எந்தப் புண்ணியவான் இவனுக்குச் சொன்னானோ தெரியவில்லை.

கத்தி என்னவோ நல்ல கத்திதான். ரங்கூனிலிருந்து வந்தது. மான்கொம்புப் பிடி, ஒரு விரல் நீளத்துக்கு அலகு, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு திருகாணி. கொடுத்தவன் அக்கம்மாளின் அண்ணன் சின்னக்கருப்பன். வினையே அதுதான். வேறு எவன் கொடுத்திருந்தாலும் அதை எப்போதோ பரண்மேல் எறிந்திருப்பாள்.

அண்ணனுக்கும் புருசனுக்கும் மூன்று வருசத்துக்கு மேல் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்தது. சின்னக்கருப்பன் கப்பலேறுவதற்கு முந்தி சொந்தத்தில் ஒரு கல்யாணம். வேலை மும்முரத்தில் தங்கச்சி மாப்பிள்ளையை முதல் பந்திக்கு அழைக்க மறந்துபோனான். இரண்டாம் பந்திக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது, பெத்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் ஊர் சாக்கோட்டைக்கு நடந்தே வந்துவிட்டான். ஒரு இலைச் சோற்றுக்கு இத்தனை ரோசம். அதற்குப் பிறகு பிறந்தவள்தான் சிட்டாள். மூன்று வயசாகியும் பிள்ளைக்கு முடியிறக்கவில்லை, காது குத்தவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? "மாமனே இல்லாத புள்ளையா இது?" என்று கிணற்றடியில் ஆளாளுக்குக் கேட்க, அக்கம்மாள் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு வந்த நாட்கள் எத்தனையோ.

கல்லலுக்கு ரயில் வந்த மறு வருசம் சின்னக்கருப்பன் ஊர் திரும்பினான். தைப்பூசத்தன்று குன்றக்குடி மலைப்படியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். அண்ணன்தான் இறங்கி வந்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று படிக்கல்லில் வைத்து, "ஒங்களுக்குன்னு கொண்டாந்தேன், எடுத்துக்கிடுங்க மாப்ளே" என்றான். பெத்தன் குனிந்து எடுத்துக்கொண்டான். அந்தப் படியிலேயே வைகாசியில் முடியிறக்கு, காதுகுத்து என்று பேச்சும் முடிந்தது. அக்கம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதேவிட்டாள்.

இப்போது வைகாசி வந்துவிட்டது. நாளை மறுநாள் குன்றக்குடி. கத்தியோ தலையாட்டிக்கொண்டிருக்கிறது.

"நான் வரலை" என்றான் பெத்தன், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கம்மாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "எங்க வரலை?"

"குன்னக்குடிக்கு. ஒங்க அண்ணன் கத்தி எங்கன்னு கேப்பாரு. கப்பல்ல கொண்டாந்த சாமானை நாலு மாசம் வச்சிருக்க வக்கில்லைம்பாரு. நாலு பேரு முன்னால அந்தப் பேச்சை என்னால கேக்க முடியாது. நீ புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு வா."

"தகப்பன் இல்லாமக் காது குத்துறதா? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு இதுக்கு முன்னாடி சொல்லலையா?"

இப்படி ஒரு மனுசனோடு என்ன பேசுவது? சிட்டாளைக் கூட அதட்டி ஓரிடத்தில் உட்கார வைத்துவிடலாம்.

அன்று முழுக்க அந்தத் திருகாணியோடுதான் போராட்டம். பெத்தன் காலணாவின் விளிம்பை வைத்துத் திருகினான், வழுக்கியது. அரிவாள் நுனியை வைத்துத் திருகினான். கட்டை விரல் கிழிந்தது. அதற்கு அவள் மஞ்சள் வைத்துக் கட்டினாள். கொல்லன் பட்டறைக்குப் போனான். மாயக்கண்ணன் ஆசாரி குறட்டால் ஒரே முடுக்காக முடுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் கத்தி திறக்கவே இல்லை. பல்லால் கடித்து இழுத்தான். மறுபடி தளர்த்தினான், மறுபடி ஆடியது. திரும்பவும் பட்டறைக்கு ஓடினான். ஆசாரி, "சம்மட்டியால ஒரு தட்டுத் தட்டிருவோமா? சென்மத்துக்கும் கழலாது" என்றாராம். "சம்மட்டித் தடம் தெரிஞ்சா மச்சான் கேக்க மாட்டாரா?" என்று பதறித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருகாணியை முழுக்கக் கழற்றினான். இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, வைக்கோல் போர். கழன்றது, துள்ளியது, காணோம்.

"எல்லாம் ஒன்னாலதான்" என்றான். அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள்.

அடுப்பில் கொதித்த உலையை இறக்கி வைத்துவிட்டு, அந்த இடத்துக் கூளத்தையெல்லாம் கூட்டி அள்ளி, சுளகில் போட்டுப் புடைத்துப் புடைத்து அக்கம்மாள் அதைத் தேடி எடுத்தாள். இரண்டு அரிசி கனம்கூட இருக்காது. இதற்குத்தான் இத்தனை பாடு. மண்ணை ஊதிவிட்டு விரலில் வைத்துப் பார்த்தபோதுதான் அவளுக்கு விசயம் பிடிபட்டது. அதன் உடம்பைச் சுற்றி ஓடும் புரி தேய்ந்திருந்தது. திருகி உள்ளே விட்டு, கத்தியைத் திறந்து மூடிப் பார்த்தாள். அலகு திரும்பும்போது திருகாணியும் கூடவே மெல்லத் திரும்பியது. பத்துத் தடவை திறந்து மூடினால் கால் சுற்றுக் கழன்றுவிடும். இவனோ தைப்பூசத்திலிருந்து தெருவில் போகிறவனையெல்லாம் நிறுத்தி நிறுத்தித் திறந்து காட்டியிருக்கிறான்.

"இங்க பாருங்க, நீங்க தெறக்கத் தெறக்க இது கழலுது" என்றாள்.

"சீமைச் சாமானைப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்? குடு இங்குட்டு" என்று பிடுங்கிக்கொண்டான். காலணாவை வைத்துக் கடைசியாக ஒரு முடுக்கு முடுக்கி, கத்தியை மாடக்குழியில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவன் வயலுக்குப் போன பிறகு அக்கம்மாள் கத்தியை எடுத்தாள். சீமைச் சாமானைப் பற்றி அவளுக்குத் தெரியாதுதான். ஆனால் திருகாணியைப் பற்றித் தெரியும். அவள் மூக்குத்தியின் திருகாணி பத்து வருசமாகத் தேய்ந்துதான் கிடக்கிறது. ஒரு நாளும் விழுந்ததில்லை. அதற்கு ஒரு வழி உண்டு; அவளுடைய ஆத்தா சாகிறவரைக்கும் அதைச் செய்துகொடுத்தாள். பிறகு இவளே செய்துகொள்கிறாள். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, புரியின் பள்ளத்தோடு பள்ளமாக நெருக்கிச் சுற்றி, திருகி உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான். கத்திக்கு மூன்று முடி பிடித்தது. காலணாவால் பதமாக முடுக்கித் திறந்தாள். அலகு சொன்னபடி திரும்பியது, திருகாணி அசையவில்லை, ஆட்டமும் இல்லை. இருபது தடவை பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மத்தியானம் பெத்தன் வந்து எடுத்தான். திறந்தான், ஆட்டினான். முகம் மலர்ந்துபோயிற்று.

"பாத்தியா? நேத்து நான் முடுக்குனது இப்பத்தான் புடிச்சிருக்கு. இரும்பு அப்புடித்தான். ராத்திரிக் குளுமையில தன்னால இறுகிரும்."

அக்கம்மாளுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பொம்பளை சரிசெய்த கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மச்சான் முன்னால் நிற்பதா என்று அதற்கு ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்வான். "அப்ப நாளைக்கு வாரீகள்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"வராம? எம் புள்ளைக்குக் காதுகுத்து" என்றான், இவள்தான் ஏதோ வர வேண்டாம் என்று சொன்னதுபோல.

குன்றக்குடியில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. தகப்பனும் மகளும் முடியிறக்கி மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டார்கள். சிட்டாள் மாமன் மடியில் உட்கார்ந்து, மலைக்கே கேட்கும்படி கத்திக் காது குத்திக்கொண்டாள். மூன்று வருசமாக நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கியது. அக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையின் அழுகையை நிறுத்த யாரோ ஒரு வெள்ளரிப்பிஞ்சைக் கொடுத்தார்கள். இதற்காகவே காத்திருந்தவனைப் போல பெத்தன் கத்தியை எடுத்துப் பிஞ்சை வில்லை வில்லையாக நறுக்கினான். நறுக்கி முடித்துக் கத்தியைச் சமுக்காளத்தில் வைத்தான்.

சின்னக்கருப்பன் அதை எடுத்து மூடினான், திறந்தான், அலகை ஆட்டிப் பார்த்தான். "அட, எங்கிட்ட இருந்தப்ப இது ஆடிக்கிட்டே கெடந்துச்சே. ரங்கூன்ல மூணு கடையில காட்டியும் நிக்கலை. சனியன் தொலையட்டும்னுதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அக்கம்மாள் புருசன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். ஆகாத கத்தியைத் தலையில் கட்டிவிட்டு ஆசையாகக் கொண்டுவந்தேன் என்றிருக்கிறான் அண்ணன். இனி துண்டு உதறப்படும், பிள்ளையைத் தூக்கு என்பான், இன்னொரு மூன்று வருசம். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினால் என்ன என்று தோன்றியது.

பெத்தனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "ரங்கூன்காரனுக்கு என்ன தெரியும் மச்சான்? எல்லாம் முடுக்குற பக்குவத்துல இருக்கு. முடுக்கிட்டு ராத்திரிக் குளுமையில போட்டுறணும்."

"அப்புடியா" என்று சின்னக்கருப்பன் திருகாணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அதன் ஓரத்தில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் தொட்டுப் பார்த்தான், நீளமான முடி. மாப்பிள்ளையின் மொட்டைத் தலையைப் பார்த்தான். பிறகு தங்கச்சியின் மூக்குத்தியைப் பார்த்தான். ஆத்தா வாசலில் உட்கார்ந்து முடி சுற்றியதை அவனும் பார்த்து வளர்ந்தவன்தானே. அக்கம்மாள் தலை அசைந்தும் அசையாமலும், வேண்டாம் என்றாள்.

அவன் கத்தியை மடக்கி, கையில் கொடுக்காமல் சமுக்காளத்தில் வைத்தான். "நெசந்தான் மாப்ளே, குளுமைதான். எங்கிட்ட ரங்கூன் டிரங்குப்பெட்டி ஒண்ணு இருக்கு. அதுலயும் நாலு திருகாணி கழண்டு ஆடுது. ஞாயித்துக்கெழமை வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வரட்டுமா?"

"தாராளமா வாங்க மச்சான். இருந்து சாப்புட்டுத்தான் போகணும்."

அண்ணன் வீட்டுக்கு வருகிறான். நான்கு திருகாணியோடு வருகிறான். அக்கம்மாள் கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இதே ரீதியில் போனால், வேண்டுதல் எதுவும் இல்லாமலே அவள் தலையும் மொட்டையாகிவிடும் போலிருந்தது.