ஒரு முழு கவுன்

பொற்கொடி இதுவரை தைத்த சட்டைக் கைகளை வரிசையாகப் பரப்பினால் மூக்கண்டப்பள்ளியில் தொடங்கி எல்லையைத் தாண்டி பெங்களூரு வரைக்கும் போகும். ஆனால் ஒரு முழுச் சட்டையை அவள் தைத்ததே இல்லை.

ஓசூர் சிப்காட் பக்கத்தில் டி-சர்ட் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில், ஏழாவது லைனில் அவளுக்கு வேலை. அங்கே ஒரு டி-சர்ட்டை இருபது பேர் தைப்பார்கள். ஒருத்தி தோளைச் சேர்ப்பாள், ஒருத்தி கழுத்துப் பட்டி வைப்பாள், பொற்கொடி கையை ஏற்றுவாள், அடுத்தவள் பக்கத்தை மூடுவாள். ஆறு வருஷமாகக் கை, கை, கைதான். அந்தச் சட்டை கடைசியில் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது பெட்டிக்குள் போய்விடும்.

இந்த விவரமெல்லாம் யு.கே.ஜி. படிக்கும் மகள் தர்ஷினிக்குத் தெரியாது. அம்மா தையல் கம்பெனிக்குப் போகிறாள், அதனால் அம்மாவுக்கு எல்லாம் தைக்கத் தெரியும். இதை நம்பித்தான் அவள் பள்ளிக்கூடத்தில் வாயை விட்டுவிட்டு வந்தாள்.

"அம்மா, அடுத்த சனிக்கிழமை மாறுவேஷப் போட்டி. நான் இளவரசி."

"சரிடி கண்ணு, பாகலூர் ரோட்டுக் கடையில வாடகைக்கு எடுத்துடலாம்."

"வேணாம். பிரியாதான் கடையில எடுக்கிறா. எங்கம்மா தச்சுக் குடுப்பாங்கன்னு நான் மிஸ்கிட்ட சொல்லிட்டேன். மிஸ் எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க."

"எப்போ?"

"இன்னிக்கே தட்டிட்டாங்கம்மா!"

கைதட்டலை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறது பிள்ளை. அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

தர்ஷினி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கிரேயானில் வரைந்த கவுன். வான நீலம். கத்தரிக்காய் மாதிரி உப்பிய கைகள். தரை வரைக்கும் குடை விரித்த பாவாடை. கீழே சுற்றிலும் நட்சத்திரம், எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்று. பக்கத்தில் சிரித்துக்கொண்டே ஓர் ஆள்.

"இது யாரு?"

"நீதான். தச்சு முடிச்சிட்டு நிக்கிற."

பொற்கொடியின் கணவன் முத்துக்குமார் தாளை வாங்கிப் பார்த்தான். இருசக்கர வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். "என்னத்துக்கு யோசிக்க? நான் ஒரு வண்டிக்கு ஒரே ஒரு போல்ட்டைத்தான் முறுக்குறேன். அதுக்காக வண்டி ஓட்டத் தெரியாதா எனக்கு?" என்றான்.

"ஓட்டத் தெரியும். வண்டி செய்யத் தெரியுமா?"

அவன் தாளை மடித்து மனைவி கையிலேயே கொடுத்துவிட்டான்.

அவர்கள் குடியிருந்தது வரிசையாக ஆறு வீடுகள் உள்ள காம்பவுண்டு. வீட்டு ஓனர் நாராயணம்மா முன்வீட்டில் இருந்தார். தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். அவர் வீட்டு டி.வி.க்குக் கீழே ஒரு பழைய மிதி மிஷின், மேலே துணி போர்த்தி, பூச்சாடி வைக்கும் மேசையாக வாழ்ந்துகொண்டிருந்தது. பொற்கொடி போய்க் கேட்டாள்.

"ஏமம்மா, போன தீபாவளிக்கு ஒரு ஜாக்கெட் தச்சுக் குடுன்னு கேட்டேன். 'எனக்குக் கை மட்டும்தான் தெரியும்'னு சொன்னே. வெறும் கையை மாட்டிக்கிட்டா நான் கல்யாணத்துக்குப் போறது? இப்போ மட்டும் எப்பிடி வந்துச்சு வித்தை?"

"இன்னும் வரலைங்கம்மா. வரவைக்கணும்."

நாராயணம்மா பூச்சாடியை இறக்கி வைத்தார். "எடுத்துட்டுப் போ. ஊசி ஒடிஞ்சா நீதான் வாங்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை லைன் தோழிகள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஜோதிமணி அக்கா, கழுத்துப் பட்டி. ராயக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்த சென்னம்மாள், பக்கத் தையல். வரும்போதே ஒரு பை தக்காளியும் கொண்டுவந்திருந்தாள். நேதாஜி ரோட்டில் எடுத்த நீல சாட்டின் துணி தரையில் விரிந்து பளபளத்தது. மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்தார்கள். யாரும் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

"யாருக்கு வெட்டத் தெரியும்?" என்றாள் ஜோதிமணி.

"வெட்டுறது கட்டிங் செக்‌ஷன்ல. நம்ம கைக்கு வரும்போது வெட்டித்தான வருது" என்றாள் பொற்கொடி.

"இன்னாமே இது, நீச்சல் தெரியாத மூணு பேரு கிணத்த எட்டிப் பாக்குற மாதிரி கீது!" என்று சென்னம்மாள் சொன்னதும் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது பயம் பாதி குறைந்திருந்தது.

வழியைக் கண்டுபிடித்ததும் சென்னம்மாள்தான். தர்ஷினியின் பழைய டி-சர்ட் ஒன்றைத் துணிமேல் விரித்தாள். ஓரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள். தையலுக்கு ஒரு விரல் கூட விட்டாள். "இதான் நம்ம கட்டிங் மாஸ்டர்" என்று டி-சர்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டாள். பாவாடைக்கு நீள் சதுரமாக வெட்டிச் சுருக்கினால் போதும் என்று முடிவானது.

மிஷின்தான் முதலில் மானத்தை வாங்கியது. கம்பெனி மிஷின் காலை வைத்ததும் பறக்கும். மிதி மிஷினில் பொற்கொடி அழுத்திய அழுத்தலில் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்தது. மறுபடி மிதித்தாள், மறுபடி அறுந்தது. ஜன்னல் வழியாக நாராயணம்மாவின் குரல் வந்தது: "மெதுவா மிதிம்மா, அது பஸ்ஸு இல்லே!"

மத்தியானத்துக்குள் கால் பழகிவிட்டது. ஜோதிமணி கழுத்துக்குப் பட்டி கொடுத்தாள். பொற்கொடி கையை ஏற்றினாள். உப்பிய கை அவளுக்கும் புதிதுதான். ஆனால் இரண்டு வளைவுகளை, ஒன்றை இழுக்காமல் ஒன்றை விடாமல் சேர்ப்பது அவள் விரலுக்குள்ளேயே இருந்தது. சென்னம்மாள் பக்கங்களை மூடினாள். இடுப்பில் பாவாடை சேர்ந்தது. சாயங்காலம் மூன்று பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது, தலை முதல் கால் வரை ஒரு கவுன்.

"நம்மளா தச்சோம்?" என்றாள் ஜோதிமணி.

நட்சத்திரம் முப்பத்தொன்றையும் ஜரிகைத் துணியில் வெட்டி, வேலை விட்டு வந்த மாலைகளில் பொற்கொடி தைத்து முடித்தாள். வியாழக்கிழமை செக்கிங். கம்பெனியில் எப்படியோ அப்படியே. மேசையில் விரித்து, டேப்பை வைத்து, மார்பு, தோள், நீளம் என ஒவ்வொன்றாக அளந்தாள். அரை விரல் கூடப் பிசகவில்லை. தொங்கிய நூல்களை வெட்டினாள், இஸ்திரி போட்டாள், மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டினாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கட்டா?"

"கசங்கிடும்டி. சனிக்கிழமை போட்டுக்கலாம்."

சனிக்கிழமை காலை எட்டேகால். ஒன்பதரைக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். பொற்கொடி அரைநாள் பர்மிஷன் வாங்கியிருந்தாள். கவரைப் பிரித்து, கவுனைத் தலைவழியாக மாட்டினாள். பாவாடை போனது. கவுனின் இடுப்பு தோளுக்கு வந்ததும் நின்றது. கைகளை மேலே தூக்கச் சொல்லி இழுத்தாள். கொஞ்சம் இறங்கியது. கழுத்துக்கு வந்ததும் ஒரேயடியாக நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, இருட்டா இருக்கு."

"இரு, இரு. குனி."

"மூக்கு வலிக்குதும்மா."

பொற்கொடி மெதுவாகக் கவுனை மேலே உருவி எடுத்தாள். தலைமுடியெல்லாம் கலைந்து, மூக்கு சிவந்து தர்ஷினி வெளியே வந்தாள். கவுனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உதடு துடித்தது.

"என் தலை பெருசாம்மா?"

அப்போதுதான் பொற்கொடிக்கு உறைத்தது. கழுத்தில் திறப்பு இல்லை. முதுகில் ஜிப் இல்லை, ஹூக் இல்லை, ஒரு பட்டன் கூட இல்லை. ஆறு வருஷமாக ஏழாவது லைன் தைத்த எந்தச் சட்டைக்கும் திறப்பு கிடையாது. டி-சர்ட் துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும், தலை தானாகப் போகும். சாட்டின் எங்கே விரியும்? தைக்கிற இடத்தில் யாரும் சட்டையைப் போட்டுப் பார்த்ததும் இல்லை. டேப்பு வைத்தால் முடிந்தது. மூன்று பேர் உட்கார்ந்து தைத்தும் மூன்று பேருக்கும் இது தோன்றவே இல்லை.

"உன் தலை அளவாத்தான் இருக்கு கண்ணு. உங்கம்மாவுக்குத்தான் இன்னொரு தலை வேணும்."

சத்தம் கேட்டு நாராயணம்மா வாசலில் வந்து நின்றார். கவுனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அய்யோ ராமா! வாசல் வைக்காம வீடு கட்டிட்டியே! போன வருஷம் போட்ட தக்காளி வேஷம் இருக்கில்லே? அதையே மாட்டி அனுப்பு."

"நான் தக்காளி இல்ல!" என்று தர்ஷினி அழ ஆரம்பித்தாள். "மிஸ் கை தட்டிட்டாங்க!"

முத்துக்குமார் தலையைச் சொறிந்தான். "முதுகைக் கிழிச்சு, போட்டுவிட்டு, ஊக்கு குத்திரலாமா?"

"இவ சுத்துற சுத்துக்கு ஊக்கு முதுகுல ஏறும்."

சொல்லிக்கொண்டே திரும்பிய பொற்கொடியின் கண் அவன் மேலேயே நின்றது. கரு நீல டி-சர்ட். கம்பெனி ஆண்டு விழாவில் கொடுத்தது. நல்ல நாளுக்கு மட்டும் எடுத்துப் போடுவான்.

"கழட்டுங்க."

"என்னது?"

"டி-சர்ட்டக் கழட்டுங்க."

"அடியேய், ஓனரம்மா நிக்கிறாங்க!"

"நான் திரும்பிக்கிறேன்பா, கழட்டு" என்று நாராயணம்மா சுவரைப் பார்த்தார்.

பொற்கொடி முதலில் கவுனை எடுத்தாள். ஒரு வாரமாகக் கண்ணில் வைத்துக் காத்த சாட்டின். கத்தரிக்கோலைக் கழுத்தின் பின்பக்கம் நடுவில் வைத்தாள். அப்புறம் நேராக இறக்கினாள். கழுத்திலிருந்து இடுப்பைத் தாண்டி நான்கு விரல் வரைக்கும் ஒரே வெட்டு. தர்ஷினி கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து டி-சர்ட். அதன் முதுகிலிருந்து ஒரு நீளத் துண்டு, கீழே அகலம், மேலே கூர். அதைத் தலைகீழாகத் திருப்பினாள். டி-சர்ட்டின் அடி மடிப்பு இப்போது கவுனின் கழுத்துக்கு வந்தது. இழுத்தால் கூடவே விரியும் மடிப்பு, கம்பெனி மிஷினில் போட்டது. மறுபடி மடிக்க வேண்டிய வேலையே இல்லை.

மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் விரியும் துணி, ஒரு பக்கம் விரியாத துணி. ஒன்றை இழுக்காமல், ஒன்றை விடாமல். வேறு யாராவது என்றால் சுருக்கம் விழுந்திருக்கும். பொற்கொடிக்கு இது இன்னொரு கை, அவ்வளவுதான். கால் ஒரே சீராக மிதித்தது. ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் முடிந்தது. மிச்சமிருந்த ஜரிகையில் ஐந்து நட்சத்திரம் வெட்டிக் கரு நீலத்தில் ஒட்டுப் போட்டாள். நாராயணம்மா சுவரிலிருந்து எப்போது திரும்பினார் என்று யாருக்கும் தெரியாது. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எட்டு ஐம்பத்தைந்து. கவுன் இறங்கியது. இடுப்பு விரிந்தது, கழுத்து விரிந்தது. தலை வெளியே வந்தது, முகம் முழுக்கச் சிரிப்போடு.

"வெளிச்சம் வந்துடுச்சும்மா!"

பள்ளிக்கூட மேடைக்குப் பின்னால் ஐந்து இளவரசிகள் நின்றார்கள். நான்கு பேர் வாடகைக் கவுன். பெரிய அளவு கவுன்களைப் பின்னால் பிடித்து ஊக்கு குத்தியிருந்தார்கள். பிரியாவின் ஜிப் பாதியில் நின்றுவிட, அவள் அம்மா இரண்டு கையாலும் முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "கையைத் தூக்காத பாப்பா, ஆடாத பாப்பா" என்று நாலாபக்கமும் குரல்.

இளவரசிகள் ஒவ்வொருவராகப் போய், கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, சொன்னதைச் சொல்லிவிட்டு வந்தார்கள். தர்ஷினி முறை வந்தது. மேடை நடுவில் போய்க் கை இரண்டையும் விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பாவாடை குடையாக விரிந்தது. முப்பத்தொரு நட்சத்திரமும் சேர்ந்து சுழன்றன. மறுபடி சுற்றினாள். இறங்க மனமில்லாமல் இன்னொரு தடவையும் சுற்றினாள்.

நடுவராக வந்தவர் கேட்டார்: "இளவரசி, உங்க அரண்மனை எங்கே?"

"மூக்கண்டப்பள்ளி, நாராயணம்மா காம்பவுண்டு, நாலாவது வீடு."

கூட்டம் சிரித்தது. தர்ஷினி விடவில்லை. "இந்த கவுன எங்கம்மா தச்சாங்க. கழுத்து போகலை. அப்புறம் போச்சு. ஏன்னா, பின்னாடி எங்கப்பா!" என்று திரும்பி முதுகைக் காட்டினாள். கரு நீலத்தில் ஐந்து நட்சத்திரம் மின்னியது.

இந்தத் தடவை யாரும் தட்டச் சொல்லவில்லை. தானாகத் தட்டினார்கள். பழைய சட்டையில் நின்ற முத்துக்குமார் தலைக்குமேல் கையைத் தூக்கித் தட்டினான். பொற்கொடிக்குத் தட்ட வரவில்லை. இரண்டு கையும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன.

முதல் பரிசு அட்டைப்பெட்டியில் ஜே.சி.பி. செய்து மாட்டிக்கொண்டு வந்த பையனுக்குப் போனது. தர்ஷினிக்கு இரண்டாவது. ஒன்றைவிட இரண்டு பெரியது என்பதால் தனக்குத்தான் பெரிய பரிசு என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள், யாரும் மறுக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் தாய்மார்கள் கவுனின் முதுகை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். "எந்தக் கடைங்க?" என்று பிரியாவின் அம்மா கேட்டாள்.

"கடை இல்லைங்க" என்றாள் பொற்கொடி. "நான் தச்சது. முழுசா."

இதைச் சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு கணீரென்று இருந்தது.

போனில் ஜோதிமணியிடமும் சென்னம்மாளிடமும் விஷயத்தைச் சொன்னபோது முதலில் "ஐயையோ, திறப்பு!" என்று அலறினார்கள். அப்புறம் முதுகு நட்சத்திரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்தது பையன்களுக்கு ராஜா உடுப்பு, ஞாயித்துக்கிழமை வரட்டுமாமே?" என்றாள் சென்னம்மாள்.

வீட்டுக்கு வந்தால், நான்காவது வீட்டு வாசலில் நாராயணம்மா நின்றிருந்தார். கையில் மடித்த பட்டு ஜாக்கெட் துணி.

"மிஷின் உன்கிட்டயே இருக்கட்டும். எங்க வீட்டுல பூச்சாடிக்கு வேற மேசை பாத்துக்கிறேன்" என்று துணியை நீட்டினார். "அடுத்த மாசம் கிருஷ்ணகிரியில கல்யாணம். இந்தத் தடவை கை மட்டும் போதாது, ஜாக்கெட்டும் வேணும்."

பொற்கொடி துணியை வாங்கித் தடவிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பிடித்து ஒரு தடவை இழுத்தாள். விரியவில்லை.

"தச்சுடலாங்கம்மா. மொதல்ல ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள். "ஹூக்கு முன்னாடியா, பின்னாடியா?"