நூற்று எழுபது பவுண்டு

என் வீட்டுக்காரர் ஹனீபா நூற்று எழுபது பவுண்டுக்கு இறங்கிய சனிக்கிழமை, லவுத்தோக்காவில் வீரசாமி கடை வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அரிசி மூட்டை நிறுக்கிற பலகைத் தராசு அது. அதன் மேல் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முள் நின்றதும் வீரசாமி தெருவுக்கே கேட்கும்படி எடையைக் கத்தினார். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். எட்டு மாதம் அந்த மனிதரின் வாயைக் கட்டியவள் நான்தானே.

அவர் சர்க்கரை மில்லின் கரும்பு ரயிலில் எஞ்சின் டிரைவர். போன வருஷம் சீசன் தொடங்கும்போது நடந்த சோதனையில் டாக்டர் அவரை நிறுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு என்று பார்த்து, தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எடையை இறக்காவிட்டால் அடுத்த சீசனில் எஞ்சின் கிடையாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. அரை ரொட்டி, அவித்த கீரை, சுட்ட மீன். பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பிரியாணியைக்கூடத் திருப்பி அனுப்பினேன். என்னை ராட்சசி என்று அவர் சொன்னது ஊருக்கே தெரியும்.

இறங்கியாகிவிட்டது. டாக்டரிடம் போய்க் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை.

"இனிமே இதே எடையில நிக்கணும். கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பாட்டைக் கூட்டிக்க. சீசன் சோதனையில அஞ்சு பவுண்டு ஏறியிருந்தாலும் நிறுத்திவைப்பேன், அஞ்சு பவுண்டு இறங்கியிருந்தாலும் நிறுத்திவைப்பேன். நிறுத்திவச்சவனுக்குச் சிறுநீர், ரத்தம், நெஞ்சுப் படம் எல்லாம் பாத்துத்தான் விடுவேன்" என்றார் ஹிந்தியில்.

நெஞ்சுப் படம் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. அதற்கு முந்தின வருஷம் பொன்சாமி என்ற டிரைவர் அப்படித்தான் இளைத்துப்போய், படம் எடுத்து, காசநோய் என்று சுவாவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கப்பல் ஏற்றப்பட்டார். திரும்பி வரவில்லை. அவர் எஞ்சினை அடுத்த நாளே வேறொருவர் ஓட்டினார்.

நான் சாப்பாட்டைக் கூட்டினேன். அரை ரொட்டி ஒன்றாயிற்று, ஒன்று இரண்டாயிற்று. தலோக் கிழங்கு, பருப்பு, வாரம் ஒரு நாள் கோழி. சனிக்கிழமை தோறும் தராசில் ஏறினார். நூற்று எழுபது. அடுத்த வாரமும் நூற்று எழுபது. நான்கு ரொட்டி போட்டுப் பார்த்தேன், அப்போதும் நூற்று எழுபது. வீரசாமி சம்சாரம் கம்லா என்னிடம் பக்குவம் கேட்டாள். "எல்லாம் கை அளவுதான் கம்லா" என்று அலட்டிக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முள் அசையவில்லை, ஆனால் மனிதர் கரைந்துகொண்டிருந்தார். முதலில் சட்டைக் காலரில் தெரிந்தது. பிறகு மோதிரம் கழன்று சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது. கால்சட்டை நிற்கவில்லை என்று, மதராசிலிருந்து வந்தபோது அவர் அத்தா கட்டியிருந்த அகலப் பெல்ட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார். நம் ஆட்கள் கைலிக்கு மேல் கட்டுகிற பெல்ட், காசு போட வரிசையாகப் பை வைத்தது. சட்டையை அதன் மேல் இழுத்துவிட்டால் பழைய இடுப்பு போலத்தான் இருக்கும்.

ரமளான் வந்தது. நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம் வாயில் போட்டதும் சர்பத் ஜாடியைத் தூக்குவார். ஒரு ஜாடி முடிந்து இரண்டாவது ஜாடி. என் மகள் ஹவ்வா கிண்டல் செய்தாள், அத்தா எஞ்சினுக்குத் தண்ணி ஊத்துறாரு என்று. நானும் சிரித்தேன். பள்ளிவாசலில் எல்லோரும் சொன்னார்கள், நோன்பு வைத்தால் யாருக்கும் முகம் வாடத்தான் செய்யும், ஹனீபா நல்ல நிய்யத்தோடு வைக்கிறார் என்று. நோன்பில் இளைப்பவரை யார் சந்தேகப்படுவார்கள்? தெம்பு வரட்டும் என்று சர்பத்தில் இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டேன். பெருநாள் கழிந்து மூன்று வாரம் ஆகியும் அந்தத் தாகம் நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கும் சந்தேகம் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவர் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். பெல்ட் ஆணியில் தொங்கியது. துடைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். கை கீழே போய்விட்டது. ஒவ்வொரு பையிலும் மீன்வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு. துறைமுகத்தில் பொறுக்கியவை. குலுங்காமலிருக்கத் துணி சுற்றி அடைத்திருந்தார். குண்டுகளை மட்டும் எடுத்துப் பழந்துணியில் மூட்டை கட்டி வீரசாமி கடைக்குப் போனேன். பழைய ஈயம், எவ்வளவு தேறும் பாருங்கள் என்றேன். பதின்மூன்று பவுண்டு என்றார்.

நூற்று ஐம்பத்தேழு. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் தாங்காது. வாசற்படியிலேயே தொடங்கிவிட்டேன்.

"தராசை ஏமாத்தலாம், ஒடம்ப எப்படி ஏமாத்துவீங்க? நான் போடுற சோறெல்லாம் எங்க போவுது? இப்பவே டாக்டர்கிட்ட கெளம்புங்க!"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஈரத் துண்டோடு தரையில் உட்கார்ந்தார். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

"சோதனைக்கு ரெண்டு வாரந்தான் இருக்கு, கைருன்னிசா. இப்பப் போனா படம் எடுப்பான். சுவாவுக்குக் கப்பல் ஏத்திருவான். பொன்சாமி கதை ஒனக்குத் தெரியாதா? மொதல்ல எஞ்சின் கைக்கு வரட்டும். வந்ததுக்கப்பொறம் நானே போறேன். அல்லா மேல சத்தியம்."

எனக்கும் சுவா என்றால் பயம். அந்த எஞ்சினை விட்டால் இவர் வாழமாட்டார் என்றும் நினைத்தேன். இரண்டு வாரம்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சோதனைக்கு முந்தின நாள் காலையில் கடை திறக்கும் முன்பே வீரசாமியிடம் சாவி வாங்கிப் பெல்ட் இல்லாமல் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். இன்னும் நான்கு பவுண்டு போயிருந்தது. பெல்ட்டில் இருந்த பைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. புதுப் பை தைக்க வேண்டும். கோணூசியை வைத்துக்கொண்டு திண்டாடினார். கண் மங்கி நூல் கோர்க்க முடியவில்லை. இரண்டு முறை குத்திக்கொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இங்க குடுங்க" என்று வாங்கினேன்.

கித்தான் துணி வெட்டி நான்கு பை, சாக்கு நூலில் இரட்டைத் தையல். என் தையலைக் குறை சொல்ல லவுத்தோக்காவில் ஆளில்லை.

மில் வாசலில் மழைமரத்தடியில் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு காத்திருந்தோம். உள்ளே டிரைவர்கள் வரிசை. கம்பவுண்டர் எடையைப் படிப்பது ஜன்னல் வழியே கேட்டது. ஹனீபா, நூற்று எழுபது. பழைய எடையும் நூற்று எழுபது. முகம் வாடியிருக்கிறதே என்று டாக்டர் கேட்டது காதில் விழுந்தது. நோன்பு வைத்த களைப்பு சார் என்றார் இவர். எடை நிற்கிறதே என்று டாக்டருக்கும் நிம்மதி போலிருக்கிறது. "பாருங்க, வெயிட்டைக் காப்பாத்துறதுன்னா இப்படி" என்று மற்றவர்களிடம் சொன்னார். அடுத்தவர் அப்பல்சாமி, எங்களவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். எட்டு பவுண்டு குறைந்திருந்தார். அவரை ஓரமாக நிறுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அப்பல்சாமிக்குச் சர்க்கரை வியாதி என்று சேதி வந்தது. ஊசி போடவேண்டும், இந்த சீசன் எஞ்சின் இல்லை, ஷெட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிற வேலை. பெரிய மனிதர் தெருவில் நின்று அழுதார். இவர் போய்த் தோளைத் தட்டிவிட்டு வந்தார். "பாவம்" என்றார். நானும் பாவம் என்றேன்.

எஞ்சின் கைக்கு வந்தது. டாக்டரிடம் போகும் நாள்தான் வரவில்லை. இந்த வாரம் தவுவாப் பக்கத்துக் கரும்பு நிறைய என்பார், அடுத்த வாரம் ஒரு டிரைவர் லீவு என்பார். காலையில் இரண்டு தூக்கில் தண்ணீர் கொண்டுபோவார். நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். கேட்டால் சத்தியத்தை நினைவுபடுத்த வேண்டும், அது எனக்கே பயமாக இருந்தது.

ஐந்தாம் வாரம், நட்டநடுப் பகலில், கரும்பு வண்டிகளை ஒழுங்காக நிறுத்தி பிரேக் போட்டுவிட்டு, எஞ்சின் தரையிலேயே படுத்துவிட்டார். எழுப்பினார்கள், எழவில்லை. மூச்சு மட்டும் பெரிது பெரிதாக வாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். காசநோய் இல்லை. ரத்தம் முழுக்கச் சர்க்கரை. இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இப்போது நான் இத்தாவில் இருக்கிறேன், புருஷன் இறந்தவள் வீட்டோடு இருக்கிற காலம். நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. நேற்று அப்பல்சாமி துக்கம் கேட்க வந்தார். ஹவ்வா திரை போட்டு, அந்தப் பக்கம் அவருக்கு நாற்காலி வைத்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"பௌஜி, நான் நல்லாத்தான் இருக்கேன். மூணு பவுண்டு ஏறியிருக்கேன். டாக்டர் அடுத்த சீசனுக்கு எஞ்சின் குடுக்கறேன்னிட்டான்" என்றார். அண்ணியை இங்கே பௌஜி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. "அன்னிக்கு எனக்குக் கொறஞ்சிச்சுன்னு அழுதேன். ஹனீபா பாய்க்கும் கொறஞ்சிருந்தா அவரையும் என்னோட ஓரமா நிறுத்தியிருப்பாங்க. கொறையாமப் போச்சே, பௌஜி. அதான் அவரு தலையெழுத்து."

ஹவ்வா தண்ணீர் எடுத்துவர உள்ளே போனாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அழுதுவிட்டுப் போயிருப்பார்.

"கொறஞ்சுதான் இருந்துச்சு, அண்ணே" என்றேன். "பதினேழு பவுண்டு. நான்தான் அதுக்குப் பை தெச்சுக் குடுத்தேன்."