ஆறாவது மடிப்பு

ஜேர்மனியின் ஹம் நகரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது புஸ்பவதியின் வேலை. தினமும் காலையில் அவள் முதலில் போவது பிராவ் லிண்ட்னரின் வீட்டுக்கு. எண்பத்தெட்டு வயது அம்மையார். அவருடைய கட்டிலுக்கு எதிரே ஆறு மடிப்புள்ள ஜப்பானியத் திரை ஒன்று நின்றது.

திரையின் கதையை அவரே சொல்லியிருந்தார். வானத்துப் பெண் ஒருத்தி கடலில் குளிக்க இறங்குகிறாள். பைன் மரத்தில் தொங்கிய அவளுடைய இறகாடையை மீனவன் ஒருவன் ஒளித்துவிடுகிறான். பறக்க முடியாமல் அவனோடேயே வாழ்கிறாள். ஆறாவது மடிப்பில் ஆடை கிடைத்துவிட்டது. அவள் பொன் மேகங்களுக்குள் போகிறாள். அவன் கரையில் தனியாக நிற்கிறான்.

"என் மகள் கரினும் இப்படித்தான். பத்தொன்பது வயதில் போனாள். ஒரு கடிதம்கூட இல்லை," என்றார் ஒருநாள்.

புஸ்பவதி அவருடைய தலையணையைச் சரிசெய்தாள். அவள் கணவர் இறந்து நாலு வருடம். பிள்ளைகள் இல்லை.

மாரியில் அம்மையார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கே திரைக்கு இடமில்லை. தெருவோரம் எறியலாம் என்றான் அவருடைய தங்கை மகன். "நீ வைத்திரு," என்று புஸ்பவதியின் கையைப் பிடித்தார் அம்மையார்.

புஸ்பவதியின் பக்கத்து வீட்டு ராசன் அண்ணை அதைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்தார்.

"தங்கச்சி, இதை எங்க வைக்கப் போறாய்? பிறகு வீட்டுக்குள்ள நடக்கவும் ஏலாது."

"படுக்கிற அறையில வைப்பம் அண்ணை. அங்க ஆர் வரப்போகினம்?"

அவர் மறுமுனையைத் தூக்கினார்.

ஞாயிறுதோறும் புஸ்பவதி ரயிலேறி அம்மையாரைப் பார்க்கப் போனாள். வரவர அவருக்கு எல்லாம் மறந்துகொண்டே வந்தது. பங்குனியில் ஒரு ஞாயிறு, புறப்படக் கோட்டைப் போட்டவளிடம், "நீங்கள் யார்?" என்று கேட்டார்.

"புஸ்பவதி. உங்கள் திரை என்னிடம்தான் இருக்கிறது."

அம்மையார் நெடுநேரம் யோசித்தார். "அவள் இன்னும் இருக்கிறாளா?"

கேட்டது படத்துப் பெண்ணையா, மகளையா என்று புஸ்பவதிக்குத் தெரியவில்லை.

"இருக்கிறாள். கரையில்தான் நிற்கிறாள்."

"ஆடை கிடைக்கவில்லையா?"

"இல்லை."

ஏழு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அம்மையாரின் முகம் தெளிந்தது.

"அப்படியானால் நீங்களும் கொஞ்சம் இருங்கள்."

நாலு இருபது ரயிலுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. புஸ்பவதி கோட்டைக் கழற்றி, கதிரையை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.