ஒட்டிய காகிதத்தின் அடியில் பேரரசர்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை மீன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. வோல்கா கரையிலுள்ள இந்த ஊரில் இருபது வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். சந்தையில் ஒரு பழைய வழிபாட்டுப் புத்தகம் கண்ணில் பட்டது. அதில் ஒரே ஒரு வரியின் மேல் காகிதத் துண்டு ஒட்டி, பெண் கையெழுத்தில் 'தற்காலிக அரசு' என்று எழுதியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் ரஷ்யப் பேரரசரின் பெயர். மற்றதெல்லாம் என் கற்பனை.

2

"1917 மார்ச்சில் முந்நூறு ஆண்டு முடியாட்சி சரிந்தபோது..." (பாடப்புத்தகம். வேண்டாம்.)

"பனி உருகத் தொடங்கிய அந்தக் காலையில்..." (எல்லாக் கதையிலும் உருகுகிறது. அடித்துவிட்டேன்.)

நிக்கந்தருக்கு அன்று தொண்டை நன்றாக இருந்தது, அதுதான் வினை.

இது இருக்கட்டும். நிக்கந்தர் ஆலயத்தின் உதவிக் குரு. பேரரசருக்காக மன்றாடும் வரியை முப்பது வருடமாக, ஜன்னல் கண்ணாடி அதிரப் பாடுகிறவர். தலைநகரில் ரொட்டிக்கு நின்ற பெண்கள் தெருவில் இறங்கினார்கள். சுடச் சொன்னபோது படைவீரர்கள் மறுத்தார்கள். பேரரசர் முடி துறந்தார். பின்னாலேயே ஆலயத்துக்கு உத்தரவு வந்தது: இனிமேல் அவர் இடத்தில் வந்திருக்கும் தற்காலிக அரசுக்காக மன்றாடவும்.*

* போலந்து, பின்லாந்து என்று பேரரசு துண்டு துண்டாகக் கழன்ற கதையைப் பெரிய ஆட்கள் எழுதட்டும். எனக்கு இந்த ஒரு வரியே பெரும்பாடாக இருக்கிறது.

3

போர்முனையிலிருந்து திரும்பிய சவ்வாத்தி இப்போது படைவீரர் குழுவின் தலைவன். சனிக்கிழமை வாசலில் வந்து நின்றான்.

"தோழர் சாமி, நாளைக்கு நாங்க எல்லாரும் கோயிலுக்கு வர்றோம். பழைய பேரு காதுல விழுந்துச்சுன்னா உங்களக் கூட்டிட்டுப் போகணும்னு உத்தரவு."

"உன் ஞானஸ்நானத்துல பாடினவன்டா நான்."

"தெரியும். அதான் முன்னாடியே சொல்ல வந்தேன். பக்கத்து ஊர்ச் சாமியக் கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் திரும்பல."

அவன் போனதும் மனைவி கபிதோலினா கோதுமைமாவுப் பசை காய்ச்சி, வழிபாட்டுப் புத்தகத்தில் அந்த வரியின் மேல் காகிதத்தை ஒட்டினாள்.

"தற்காலிகம்னு அவங்களே சொல்றாங்க. அதுக்கு நான் நீண்ட ஆயுள் கேக்கணுமாம்," என்றார் நிக்கந்தர்.

"கேளுங்க. கேட்டுட்டு வீட்டுக்கு வந்து சேருங்க. அது போதும் எனக்கு."

(இங்கே அவரை ராஜவிசுவாசியாக்கி ஒரு வரைவு எழுதினேன். கண்ணீர், மார்பில் சிலுவை, எல்லாம் பொய். அவருடைய தம்பி போரில் செத்தவன். விறகு பிளக்கும்போதெல்லாம் பேரரசரைத் திட்டியவர் அவர். பேரரசன் ஒழிந்தான் என்று தந்தி வந்த அன்று மனதார மகிழ்ந்தவர். அதனால்தான் அடுத்து நடந்ததை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.)

4

ஞாயிற்றுக்கிழமை. துப்பாக்கிகளை வாசலில் சாய்த்துவிட்டு வீரர்கள் உள்ளே வந்தார்கள். சவ்வாத்தி மட்டும் கைத்துப்பாக்கியை இடுப்பிலேயே வைத்திருந்தான். இடப்பக்கம், பெண்களோடு கபிதோலினா.

காகிதத்தை அவ்வளவு கச்சிதமாக ஒட்டியவளுக்கு ஒன்று தோன்றவில்லை. எனக்கும் மூன்றாம் வரைவு வரை தோன்றவில்லை. நிக்கந்தர் முப்பது வருடமாகப் புத்தகத்தைப் பார்த்துப் பாடியதே இல்லை.

மூச்சை இழுத்தார். வாய் தானாகத் திறந்தது. பழைய வரி முழுசாக, பட்டங்களோடு, பெயரோடு வெளியே வந்தது. கண்ணாடி அதிர்ந்தது.

பாடற்குழு பழக்கத்தில், "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்றது. வீரர்கள் பழக்கத்தில் தலை குனிந்து சிலுவை போட்டார்கள். சவ்வாத்தியும்தான். நெற்றி, வயிறு, இந்த ஊர் வழக்கப்படி முதலில் வலது தோள்...

அங்கே அவன் கை நின்றது.

5

அந்தக் கை இடது தோளுக்குப் போனால், அவனுக்கும் எதுவும் காதில் விழவில்லை என்று அர்த்தம்; நிக்கந்தர் வீட்டுக்குப் போய் முட்டைக்கோஸ் அடை சாப்பிடுவார். கீழே இறங்கினால் அங்கே இடுப்பு இருக்கிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டாவதை எழுதியபோது கபிதோலினா என்னைத் திரும்பிப் பா...

கை இன்னும் வலது தோளில்தான் இருக்கிறது. எனக்குத் தைரியமில்லை. நீங்கள் நகர்த்துங்கள்.