சர்வருக்கு டயர் மாற்றியவர்கள்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். கம்ப்யூட்டர் சர்வர் பழுது பார்க்கிற வேலைக்கு இந்தக் குணம் ஆகாது என்று எங்கள் மேனேஜர் சொல்லாத வாரம் இல்லை. அவருக்கென்ன, சேலத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்லிவிடுவார். சூடாக இருக்கிறதே என்று சர்வர் மேல் தயிருக்கு உறை ஊற்றி வைக்கிற கடைக்கும், சத்தம் போடுகிறதே என்று அதன் முகத்தில் தலையணையைக் கட்டி வைக்கிற மில்லுக்கும் போய் நிற்பவள் நான். டெபோரா என்று பெயர் வைத்த எங்கள் அப்பா, கூடவே கொஞ்சம் பொறுமையையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

அன்றைக்குத் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் கம்பெனி. அவர்களுடைய ரிக் லாரிகள் வடநாடு முழுக்கப் போய்க் குழி தோண்டுகின்றன. இரண்டு நாள் முன்பு அவர்கள் சர்வரிலிருந்து எங்கள் ஆபீசுக்குத் தானாகவே ஒரு தகவல் வந்திருந்தது. இரண்டாம் நம்பர் டிஸ்க் போய்விட்டது, மாற்றவும். அவ்வளவுதான். புது டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பழசை உருவி, புதுசைச் செருகி, மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம் என்று கணக்கு.

வாசலிலேயே கோகிலவாணி காத்துக்கொண்டிருந்தாள். முதலாளி பொன்னனின் மருமகள். எம்.சி.ஏ. படித்தவள். என் வயதுதான் இருக்கும்.

"வாங்க மேடம். காப்பி குடிச்சுப்போட்டு..." என்று ஆரம்பித்தவள், அதை முடிக்காமல் "டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றாள்.

"ஒன்னும் ஆகாது. பேக்கப் இருக்கில்ல?"

அவள் தரையைப் பார்த்தாள். பேக்கப் எடுத்து வைக்கிற டிஸ்க்கை அவள் புருஷன் சிவபிரகாஷ் ரிக் லாரியோடு சத்தீஸ்கருக்குக் கொண்டுபோய்விட்டானாம். ராத்திரியில் பொழுது போகவேண்டுமே என்று அதில் இருந்ததை அழித்துவிட்டுச் சினிமாப் படமாக நிரப்பிக்கொண்டு போயிருக்கிறான். இந்த மாதிரிப் புருஷனுக்கு என்ன சொல்வது? எனக்கு ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. காப்பியைக் குடித்து உள்ளே தள்ளினேன்.

காப்பி ஆறுவதற்குள் மீதியையும் சொன்னாள். பொன்னன் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து போட்ட ஒவ்வொரு போருக்கும் விவரம் வைத்திருக்கிறார். எந்த ஊர், எந்தக் காடு தோட்டம், எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர். மற்ற கம்பெனிக்காரர்கள் குத்துமதிப்பாகச் சொல்லும்போது இவர் அடித்துச் சொல்வார். அதுதான் அவர் தொழிலே. அத்தனையையும் இவள் உட்கார்ந்து சர்வரில் ஏற்றினாள். ஏற்றியாயிற்று, இனி எதற்கு என்று போன மாதம் காகிதங்களை எடைக்குப் போட்டதும் இவள் பேச்சைக் கேட்டுத்தான்.

"மாமா அன்னைக்கே சொல்லிப்போட்டாருங்க. இந்தப் பொட்டி ஓடற வரைக்கும் நீ ஆபீசுல உக்காரு அம்மிணி. இது நின்னுதுன்னா ஊட்டுக்குப் போயிருன்னு."

ஊட்டில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவள் முகமே சொன்னது.

சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் எனக்குக் கற்பூர வாசனை அடித்தது. கண்ணாடிப் பீரோ மாதிரி இருக்கிற ரேக்குக்குச் சாமந்தி மாலை. அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். சர்வரின் முன்பக்கம், டிராயர் மாதிரி வரிசையாக நான்கு டிஸ்க். ஒவ்வொன்றின் நெற்றியிலும் தடித்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"நேத்து அமாவாசைங்க மேடம்," என்றார் பக்கத்தில் நின்ற பச்சமுத்து. கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி. மெஷின் என்று இருக்கிறது எதுவானாலும் அவர் பொறுப்பு. லாரி, கம்ப்ரஸர், ஜெனரேட்டர், கடைசியில் சர்வர்.

பக்தியோடு எனக்குச் சண்டையில்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மேலேயும் அம்மா அந்தோணியார் படம் ஒட்டியிருக்கிறாள். ஆனால் டிஸ்க்கின் நெற்றியில்தான் அதன் விளக்கு இருக்கிறது. நன்றாக இருந்தால் பச்சை, கெட்டால் ஆரஞ்சு. அந்த விளக்கின் மேலேயே பார்த்து அப்பியிருந்தார்கள். போகட்டும், எந்த டிஸ்க் என்றுதான் தெரியுமே. இடமிருந்து இரண்டாவது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நான்கு டிஸ்க்கும் சேர்ந்து டேட்டாவைத் தூக்குகின்றன. நாலு பேர் சப்பரம் தூக்குகிற மாதிரி. ஒருவர் கால் இடறி விழுந்தாலும் மூன்று பேர் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவது ஆளும் கையை விட்டால் சாமி தரையில். ஏற்கெனவே ஒருவர் விழுந்தாயிற்று. இப்போது நான் தவறிப்போய் நல்ல டிஸ்க்கை உருவினால் பொன்னனின் அத்தனை போர்க்குழியும் தூர்ந்துவிடும்.

சர்வரை நிறுத்தாமலேயே மாற்றலாம். இரண்டாவது டிஸ்க்கின் கைப்பிடியை விடுவித்தேன். இழுக்கப் போனேன்.

"அது நல்லா ஓடுமுங்களே மேடம்," என்றார் பச்சமுத்து. "நேத்துத்தான் அந்த எடத்துக்கு மாத்திப்போட்டேன்."

என் கை அப்படியே நின்றது.

"என்ன மாத்தினீங்க?"

"டயர் மாத்தற மாதிரிதானுங்க. ஒரே எடத்துல ஓடுனா ஒரு பக்கமாத் தேஞ்சு போகுமில்லீங்க? அமாவாசைக்கு அமாவாசை நிறுத்திப்போட்டு, நாலையும் கழட்டித் தொடைச்சு, முன்னுக்கு இருக்கறதப் பின்னுக்கும், பின்னுக்கு இருக்கறத முன்னுக்கும் போட்டுருவேன். தொடைக்கறதுக்கு எடஞ்சலா இருந்துச்சுன்னு பின்னால ஒரு நீல ஒயரக்கூட நேத்துக் கழட்டி வெச்சிருக்கேன்."

அந்த நீல ஒயர் வழியாகத்தான் எங்கள் ஆபீசுக்குத் தகவல் வரும். இடம் மாறியது எங்களுக்கு எப்படித் தெரியும்? கைப்பிடியை மெதுவாக மூடினேன். பிரசவம் பார்க்கிற நர்ஸ்கூட அத்தனை மெதுவாக எதையும் செய்திருக்க மாட்டாள். மூடிவிட்டுத்தான் கத்தினேன்.

"அண்ணா, உங்களுக்கு அறிவிருக்கா? இது என்ன லாரியா? இதுல தேயறதுக்கு ரப்பர் எங்க இருக்கு? எதை எங்க போட்டீங்க?"

"அதெல்லாம் ஞாபகம் இல்லீங்க. நாலும் ஒரே மாதிரிதான இருக்குது?"

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நிறுத்தி மாற்றும்போது சர்வர் இதைப் பொறுத்துக்கொள்ளும். எந்த டிஸ்க் எங்கே உட்கார்ந்தாலும் அடையாளம் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் இத்தனை அமாவாசை ஒன்றும் ஆகாமல், தம்முடைய டயர் மாற்றலால்தான் சர்வர் நன்றாக ஓடுகிறது என்று இவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

டிஸ்க்கின் வரிசை எண் என்னிடம் இருந்தது. ஆனால் அந்த எண் டிஸ்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும். படிக்கவேண்டுமானால் உருவவேண்டும். தப்பானதை உருவிவிட்டால் அப்புறம் படித்து என்ன பிரயோஜனம்? நிறுத்திவிட்டுப் பார்க்கலாமே என்றால், ஒன்று போன பிறகு மிச்சம் மூன்றையும் நிறுத்தித் திரும்ப எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை. பேக்கப் வேறு சத்தீஸ்கரில் சினிமா காட்டிக்கொண்டிருக்கிறது.

என் சத்தம் கேட்டுப் பொன்னன் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கல்லுக்குள் இறங்குகிற குரல். என்னை விட்டுவிட்டு நேராக மருமகளைத்தான் பார்த்தார்.

"நின்னு போச்சா? நான் அப்பவே சொன்னனா இல்லையா? காயிதத்துல இருந்தது என்ன, சோறு கேட்டுதா? பொட்டி பொட்டின்னு எல்லாத்தையும் எடைக்குப் போட்டயே அம்மிணி."

கோகிலவாணியின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் என்னை முந்திக்கொண்டு பச்சமுத்து பேசினார்.

"ஏனுங்க மொதலாளி, நீங்கதானுங்க மாத்தச் சொன்னீங்க? நம்ம கம்பெனியில எந்த டயரும் ஒரே எடத்துல ஓடக்கூடாதுன்னு. இந்தப் பொட்டிக்கும் அதே கணக்குத்தான்டான்னு."

பொன்னன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"இப்ப என்ன பண்றதுங்க மேடம்?" என்றாள் கோகிலவாணி.

"சந்தனத்தைத் துடைச்சு விளக்கைப் பாக்கணும். ஆரஞ்சு எதுவோ அதுதான்."

கைக்குட்டையை எடுத்தேன். மாமனாரும் மேஸ்திரியும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்கள்.

"பொட்ட அழிக்கறதா?" என்றார் பொன்னன். பழைய குரல் திரும்பிவிட்டது. "அமாவாசைக்கு வெச்ச பொட்டு, அடுத்த அமாவாசைக்குத்தான் எடுக்கறது. அங்க சத்தீஸ்கருல புது ரிக்கு இன்னைக்குத்தான் மொத போர் போடுது. இங்க பொட்ட அழிச்சா அங்க தொளைக்கற ராடு முறியும்."

"பொட்டை அழிக்கலைன்னா உங்க டேட்டா அழியும்."

"அதுக்கு வேற வழி பாருங்க சாமி."

வேற வழியாம்! டூல்ஸ் பையை மூடி, அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அந்த மனுஷருக்குத் தன் கம்பெனி முழுகினாலும் பரவாயில்லை, பொட்டு கலையக்கூடாது.

கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமி படத்தருகே இருந்த சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துவந்தாள்.

"மாமா, நாங்க தெனமும் பொட்டு மாத்தறமில்லீங்க? புதுசு வெச்சுப்போட்டுப் பழச எடுத்தா அது அழிக்கறதுங்களா?"

பொன்னன் யோசித்தார். பச்சமுத்து யோசித்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அழிக்கறது இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார் பொன்னன்.

அவள் முதல் டிஸ்க்கின் கைப்பிடியில், விளக்குக்குத் தள்ளி, புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பிறகு முந்தானை நுனியால் நெற்றிச் சந்தனத்தைச் சுரண்டினாள். பச்சை.

இரண்டாவது, நான் உருவப் போனது. பொட்டு வைத்தாள், சுரண்டினாள். பளிச்சென்று பச்சை. அந்த ஏசியிலும் முதுகில் வேர்த்தது.

மூன்றாவது பச்சை. நான்காவதில் சந்தனம் உதிர்ந்ததும் உள்ளே ஆரஞ்சு முழித்தது.

"ஏசுவே, நன்றி," என்றேன் வாய்விட்டு. பச்சமுத்து, "முருகா," என்றார். உருவி முதுகைப் பார்த்தேன். என்னிடம் இருந்த அதே எண். புதுசைச் செருகினேன். செருகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். என் வேலையில் எனக்குப் பிடித்த ஒரே சத்தம் அதுதான்.

ஆனால் அத்தோடு முடிவதில்லை. மிச்ச மூன்றும் சேர்ந்து புது டிஸ்க்குக்கு அதன் பங்கை எழுதிக்கொடுக்க வேண்டும். சாயங்காலம் வரை ஆகும். அதற்குள் இன்னொன்று படுத்தால் எல்லாம் போச்சு. நீல ஒயரை மாட்டி, திரையில் சதவீதத்தைக் காட்டினேன். கோகிலவாணி நின்றுகொண்டே பார்த்தாள். பொன்னன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, போர் போடுகிற இடத்தில் உட்காருகிற மாதிரி முழங்காலில் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

"எத்தன அடி ஆச்சு?" என்றார்.

"அடி இல்லீங்க, சதவீதம்."

"சரி. எத்தன அடி?"

"பன்னெண்டு," என்றேன். எதற்கு வீண் சண்டை.

அதன்பிறகு யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் திரும்பவில்லை. சாப்பாடு அங்கேயே வந்தது. முப்பது வந்ததும், "மண்ணு முடிஞ்சுது," என்றார். நாற்பத்தொன்றில் எண் நின்றுவிட்டது. நகரவில்லை. கோகிலவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

"பாறை தட்டிருச்சு," என்றார் பொன்னன். "பயப்படாத அம்மிணி. மெதுவாத்தான் எறங்கும்."

காலையில் சுடச்சுடத் திட்டியவர் அவளிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. கொஞ்ச நேரத்தில் நாற்பத்திரண்டு வந்தது. "பாறையில பிட்டு எறங்குது!" என்று அவரே தொடையைத் தட்டிக்கொண்டார்.

நடுவில் ஒரு விவசாயி போன் செய்தார். ராசிபுரம் பக்கம் போர் போடவேண்டும், எத்தனை அடி போகும் என்று கேட்டார். பொன்னன் வழக்கம்போல வாயைத் திறந்தார், மூடினார். காகிதம் இருந்தபோது புரட்டிச் சொன்னார், அது போனபிறகு மருமகளைக் கேட்டுச் சொன்னார். அது அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, பேசாமல் போனை அவளிடம் கொடுத்தார். சர்வர் இன்னும் நிற்கவில்லையே, அவள் பார்த்து அடித்துச் சொன்னாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் நூறு வந்தது. நான்கு விளக்கும் பச்சை.

"தண்ணி வந்துருச்சு!" என்று பொன்னன் எழுந்தார். பச்சமுத்து தேங்காய் உடைக்கக் கிளம்பினார். வெளியே போய் உடையுங்கள் என்று விரட்டினேன். கோகிலவாணி புது டிஸ்க்குக்கு, விளக்கைத் தொடாமல், கைப்பிடியில் பொட்டு வைத்தாள்.

தேங்காய்த் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்த பச்சமுத்துவை முதலாளி கூப்பிட்டார்.

"எம்பட ரூம்புல இருக்கற நாற்காலியத் தூக்கிட்டு வந்து இந்தக் கதவுக்கிட்டப் போடு. இங்க இருக்கற அம்மிணி நாற்காலியக் கொண்டுபோயி எம்பட ரூம்புல போடு."

"ஏனுங்க மொதலாளி?"

"முன்னால ஓடுன டயரு தேஞ்சு போச்சு. பின்னால மாத்திப் போடு."

கோகிலவாணி, "மாமா..." என்றாள்.

பச்சமுத்து நாற்காலியைத் தூக்கிவிட்டார். ஆனால் காலையில் வாங்கிய திட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத மாத்தலாமுங்களா மேடம்?"

"இதை மாத்துங்கண்ணா," என்றேன்.