சர்க்கார் கழுதை குடித்த தண்ணீர்

உத்திரமேரூர் பிளாக் ஆபீசிலிருந்து சீமைக் குதிரை வரப்போகிறது என்று சித்தணம்பாக்கம் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் முனிரத்தினம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆபீசில் அவரிடம் சொன்னது, "இனவிருத்திக்குச் சீமையிலிருந்து ஒரு பிராணி" என்று மட்டும்தான். குதிரை அவராகச் சேர்த்துக்கொண்டது. மாடாக இருந்தால் மாடு என்றே சொல்லியிருப்பார்களே என்பது அவர் கணக்கு.

குதிரை விஷயத்தில் அவருக்குத் தன்மேல் அசாத்திய நம்பிக்கை. வாலிபத்தில் ஒரே ஒரு தடவை கிண்டி ரேசுக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வீடு திரும்பியவர். அன்றிலிருந்து டீக்கடையில் அவர்தான் வாத்தியார். அரபிக் குதிரைக்கு மூக்குத்தண்டு குழிந்திருக்கும். கத்தியவார் குதிரைக்கு இரண்டு காது நுனியும் வளைந்து ஒன்றையொன்று தொடும். மணிப்பூர் மட்டக் குதிரை குள்ளமென்றாலும் ஓய்ந்து நிற்காது. "சாதிக் குதிரைன்னா நிக்கிற நிலையிலேயே தெரியும்யா. எல்லாம் ரத்தம்" என்று முடிப்பார். மனிதர்களைப் பற்றியும் அவருக்கு இதே அபிப்பிராயம்தான்.

லாரி வந்த அன்று நாயனம், மேளம், சாமந்தி மாலை எல்லாம் தயாராக இருந்தன. பின்கதவு திறந்தது. கறுத்த, உயரமான உடம்பு ஒன்று பலகை வழியே இறங்கியது. கூடவே முழ நீளத்துக்கு இரண்டு காதுகளும் இறங்கின. கூட்டம் காதுகளையே பார்த்தது. வந்தது கழுத்தை நீட்டி ஒரு தடவை கத்தியது. நாயனக்காரர் மரியாதையாகத் தன் ஊதலை நிறுத்திக்கொண்டார்.

"கழுதையா?" என்றார் முனிரத்தினம், பக்கத்தில் நின்ற கால்நடை டாக்டர் வேதகிரியிடம்.

"இத்தாலிக் கழுதை சார். குதிரையைவிட விலை ஜாஸ்தி. இதைப் பெட்டைக் குதிரையோட சேர்த்தா கோவேறு கழுதை பிறக்கும். மிலிட்டரியில மலைமேல பீரங்கி இழுக்கிறதே அதுதான்."

பிளாக் ஆபீசிலிருந்து வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் முனிரத்தினம் மாலையைப் போட்டார். கை எடுப்பதற்குள் கழுதை அதைத் தின்னத் தொடங்கியிருந்தது.

சாயங்காலம் பள்ளிக்கூடச் சுவரில் வேதகிரி ஒரு பெரிய படத்தை மாட்டிப் பேசினார். அரபி, மார்வாரி, பூட்டான் மட்டம் எல்லாம் அதில் இருந்தன. மங்கோலியாவில் பிடரி சிலிர்த்து நிற்கும் காட்டுக் குதிரை, கட்ச் உப்புப் பாலையில் ஓடும் காட்டுக் கழுதை, ஆப்பிரிக்காவின் வரிக்குதிரை என்று கோலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"பார்க்க வேற வேற மாதிரி இருந்தாலும் எல்லாம் ஒரே குடும்பம்" என்றார்.

"ஒரே குடும்பம்னா?" என்றார் முனிரத்தினம். "குதிரையும் கழுதையுமா?"

"ஆமா சார். சேர்ந்தா குட்டி பிறக்குதே. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

பின்வரிசையில், காலனி ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம், யாரோ இருமினார்கள். முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திட்டத்தில் ஒரே ஒரு குறைதான். சுற்றுவட்டாரத்தில் பெட்டைக் குதிரை என்று இருந்தது உத்திரமேரூர் ஜட்கா ரஹமத்துல்லாவிடம் மட்டும்தான். முனிரத்தினம் போய்க் கேட்டார். "எம் பொண்ணு மாதிரி வளத்துக்கினு கீறேன் பிரசிடெண்டு. கழுதைக்கா குடுப்பேன்? ஒங்க வூட்டுல குடுப்பீங்களா?" என்றார் ரஹமத்துல்லா. முனிரத்தினம் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

இத்தாலிக்காரர் வேலையில்லாமல் கொள்ளு தின்று கொழுத்தார். பார்த்துக்கொள்ள மேலத்தெருவில் ஆள் கிடைக்கவில்லை. கழுதை மேய்ப்பவன் என்ற பெயர் யாருக்கு வேண்டும்? காலனி அருள்தாஸைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தார்கள். அப்போதுதான் வேதகிரி தண்ணீர் பேச்சை எடுத்தார். ஏரித் தண்ணீர் கூடாது, காலனிக் கிணற்று உப்புத் தண்ணீரும் கூடாது, மேலத்தெருக் கிணற்றுத் தண்ணீர்தான் ஆகும். கழுதைக்கு ஏதாவது ஆனால் பிரசிடெண்ட்தான் பதில் சொல்ல வேண்டும்.

காலனி ஜனங்கள் அந்தக் கிணற்றுக்குத் தள்ளி நின்று, யாராவது மனசு வைத்து ஊற்றினால் குடத்தில் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். கழுதைக்குத் தண்ணீர் இறைக்க மேலத்தெருவில் யாரும் தயாராக இல்லை. அருள்தாஸ் கிணற்றுக் கயிற்றைத் தொடக் கூடாது. கழுதை தானாக இறைத்துக்கொள்ளாது. முனிரத்தினம் நன்றாக யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"கழுதையோட வந்தா நீ சர்க்கார் ஆளு. எறச்சிக்கோ. கழுதை இல்லாம வந்தா பழைய அருள்தாஸ்தான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது ஆண்ட" என்றான் அருள்தாஸ்.

அவனைவிட நன்றாக அவன் பெண்டாட்டி மார்த்தாளுக்குப் புரிந்துவிட்டது. அவன் அறுப்பு வேலைக்குப் போனதும் அவளே கழுதையை ஓட்டி வந்தாள், இடுப்பில் குடத்தோடு. அப்புறம் அவள் நாத்தனார் வந்தாள். பிறகு காலனியே குடம் எடுத்துக்கொண்டு கழுதைக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தது. கழுதை முன்னால் சாமி போல நடந்தது.

"இன்னாமே இது? ஒத்தக் கழுதைக்கு இத்தினி கொடமா?" என்றார் முனிரத்தினம்.

"சீமைக் கழுதையாச்சே ஆண்ட. நம்மூரு கழுதை மாதிரி கொஞ்சமாவா குடிக்கும்?" என்றாள் மார்த்தாள். "குளிப்பாட்ட வேற சொல்லிக்கீறாரு டாக்டரு."

வேதகிரியைக் கேட்டால், "அது கேக்கிற அளவுக்குக் கொடுக்கணும் சார்" என்றார். கழுதை எவ்வளவு கேட்டது என்பதை மார்த்தாள்தான் சொல்ல வேண்டியிருந்தது.

சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முனிரத்தினம் ஆபீசுக்கு நடையாய் நடந்து கழுதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். லாரி ஏறும்போதும் அது பளபளவென்று இருந்தது.

மறுநாள் காலை மார்த்தாளும் மற்றவர்களும் குடத்தோடு கிணற்றடியில் நின்றார்கள். அவள் ராட்டினக் கயிற்றைப் பிடித்திருந்தாள்.

"கழுதை எங்கமே?" என்றார், சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த முனிரத்தினம்.

"நீங்கதான லாரியில ஏத்தி வுட்டீங்க?"

"அப்போ கொடம் இன்னாத்துக்கு?"

"தாகத்துக்கு ஆண்ட. அது இருந்தப்பவும் எங்க தாகத்துக்குத்தான் வந்தோம்." அவள் இறைப்பதை நிறுத்தவில்லை.

முனிரத்தினம் கத்திப் பார்த்தார். அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் எட்டிப் பார்த்தார்களே தவிர, யாரும் இறங்கி வரவில்லை. குடங்கள் நிறைந்து, அவசரமில்லாமல் போயின. அவர் ராட்டினத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பூட்டியதில் ஒரு சங்கடம். அவர் வெயில் ஏறியபின்தான் எழுந்திருப்பார். மேலத்தெருப் பெண்கள் வெறுங்குடத்தோடு அவர் வாசலில் காத்துக்கிடந்தார்கள். பிரசிடெண்டை எழுப்ப ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அவர் மனைவி ஆண்டாளம்மாள், மூன்றாம் நாள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டைத் தட்டி உடைத்தாள். சத்தம் கேட்டு முனிரத்தினம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"அவளுங்களுக்கு வக்காலத்தா?"

"அவளுங்க எடுக்கிறதுல எனுக்கு ஒண்ணும் சந்தோசம் இல்ல" என்றாள் ஆண்டாளம்மாள். "ஆனா நீங்க தூங்கி எந்திரிக்கிற வரிக்கும் தெருவே நாஷ்டா பண்ணாம குந்திக்கினு கீது. அத்த இன்னா பண்றது?"

புதுப் பூட்டு வாங்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. மேலத்தெருப் பெண்கள் எடுத்து முடித்ததும் காலனிப் பெண்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். சரி என்றும் யாரும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சில வீட்டுக்காரர்கள் ரோஷமாக வயல் கிணற்றுக்குப் போனார்கள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாததால் திரும்பி வந்துவிட்டார்கள்.

சேதி பிளாக் ஆபீசுக்குப் போயிற்று. உத்திரமேரூரில் நடந்த கூட்டத்தில், ஊர்க் கிணற்றை எல்லோருக்கும் திறந்துவிட்ட முன்மாதிரிப் பிரசிடெண்ட் என்று முனிரத்தினத்தை மேடையேற்றினார்கள். அவரும் பேசினார். பலத்த எதிர்ப்புக்கு நடுவே, தன்னந்தனியாக, மனசாட்சிக்குக் கட்டுப்பட்டுச் செய்ததாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பேசிப் பேசித் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தார். ஆண்டாளம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"இது அவங்க வர்றதுக்கு மின்ன எறச்சதா, பின்ன எறச்சதா?"

"நான் பாக்கல. தாகமா இருந்தா குடிங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

முனிரத்தினம் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்தார்.