வலது கண் லென்ஸ்

என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கு எல்லாம் தெரியும். டாக்டருக்குத்தான் ஒன்றும் தெரியாது.

பாவு பிணைப்பது அவர் வேலை. தறியில் தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவின் இழைகளை, விரலில் சாம்பல் தொட்டு, ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். கருவிழி கூம்பிப்போனதால் கண்ணாடி அவருக்கு உதவவில்லை. இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணுக்கு, கருவிழி மேலேயே மாட்டிக்கொள்ளும் கெட்டியான லென்ஸ் ஒன்று கொடுத்தார்கள். எங்கள் பிழைப்பே அதில்தான்.

"கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. லென்ஸ்ல தண்ணி படக்கூடாது, லோஷன் மட்டும்தான்" என்று கண் டாக்டர் எஸ்தர் படித்துப் படித்துச் சொன்னார். இவரும் தலையைத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் சாம்பல் விரலை வேட்டியில் துடைத்துவிட்டு லென்ஸைத் தொடுவார். கீழே விழுந்தால் வாயில் போட்டு எடுத்து மாட்டுவார்.

"ஏன்யா, அது இன்னா கொட்டப்பாக்கா?" என்றேன்.

"உனக்கு இன்னா தெரியும், சும்மா கெட."

இவ்வளவு பேசுகிறவருக்கு, தீர்ந்துபோன லோஷனை வாங்கி வரத் துப்பில்லை. இவரை நம்பினால் ஆகாது என்று, வெள்ளிக்கிழமை கோயிலில் வாங்கும் பன்னீர் மணக்கும் அபிஷேகத் தீர்த்தத்தை நானே லென்ஸ் டப்பாவில் ஊற்றி வைத்தேன். தீர்த்தத்தைப் போய் யாராவது தண்ணீர் என்பார்களா?

ஒரு மாதத்தில் கண் ரத்தமாகச் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் துடித்தார். "தூசும்மா" என்றார். தூசாம். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டப்பாவில் இருந்ததையும் எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"சாம்பல் கையி, எச்சிலு, எல்லாம் இவரு வேலைதான் டாக்டர்."

"அதுவும் தப்புதாம்மா. ஆனா இது தண்ணியில இருக்கிற கிருமி. குடிக்கிற தண்ணியில கூட இருக்கும். டப்பாவுல இருந்தது லோஷனே இல்ல. யாரு தண்ணி ஊத்தினது?"



"நான்தான் டாக்டர்" என்றார் அவர், கண்ணில் கைக்குட்டையை அழுத்தியபடி. "லோஷன் தீந்துபோச்சு."

தினமும் டப்பாவைத் திறந்தவருக்குப் பன்னீர் வாசனை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார், பாவி மனுஷன்.

"கருவிழியில பெரிய புண்ணு. பார்வை திரும்பும்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டு வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் அவர் நின்றார்.

"இன்னாம்மா, இன்னிக்கு ஒண்ணும் திட்டலையா?"